சிங்கப்பூர் ஈரத்தில் கம்பளம்: எந்த விரிப்புக்கு எந்த முறை?

#1 ஈசூன்வாசி

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. பால்கனி கிடையாது, சமையலறையை ஒட்டித் துணி துவைக்கிற சர்வீஸ் யார்டு மட்டும்தான். சுத்தம் செய்ய வேண்டிய விரிப்புகள் மூன்று:

அ) ஹாலில் 5க்கு 8 அடி கம்பளி. கைமுடிச்சு என்று சீட்டில் போட்டிருக்கு, இரண்டு முனையிலும் குஞ்சம் இருக்கு.
ஆ) படுக்கையறையில் பளபளப்பான ஒன்று. "மூங்கில் பட்டு" என்ற பெயரில் விற்றது. பின்பக்கம் முரட்டுத் துணி ஒட்டியிருக்கு.
இ) சாப்பாட்டு மேசைக்கு அடியில் 160க்கு 230 செ.மீ., மெஷின் நெசவு, பாலிபுரொப்பிலீன். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் கறை.

மூன்று இடத்தில் விலை கேட்டால் ஒருத்தர் ஸ்டீம், ஒருத்தர் ஷாம்பு, இன்னொருத்தர் டிரை கிளீன் என்கிறார். அவரவர் சொல்ற முறையையே மூன்று விரிப்புக்கும் செய்யலாமாம். யார் சொல்றது சரி? எதை வீட்டிலேயே செய்யலாம்?

#2 ஊடும்பாவும்

மூன்றுக்கும் ஒரே முறை என்றால் அவர்கள் விரிப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்கைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கிறோம். இந்த ஊரில் அது இரண்டாவது கேள்வி. நனைத்தால் எத்தனை மணி நேரத்தில் காய வைக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. விடியற்காலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். நனைந்த துணி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கம்பளத்தில் அது மேலே தெரியாது, அடியில்தான் ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் ஐந்து வாரமோ மழை கூடிக்கொண்டு போகிற காலம்.

அடுத்தது இழை. சீட்டை நம்பாமல் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே. கம்பளியும் அசல் பட்டும் முடி கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியும் விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) காகிதம் எரிகிற வாடையோடு நின்று எரியும், சாம்பல் மெல்லியதாகச் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். நைலான், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் மூன்றும் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இவற்றில் பாலிபுரொப்பிலீனைப் பிரித்தறிய நெருப்பே வேண்டாம். ஒரு இழையைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அதுதான். மற்ற இரண்டும் மூழ்கும்.

நூலைக் குஞ்சத்திலிருந்து எடுக்காதீர்கள். பெரும்பாலான கம்பளிக் கம்பளங்களில் குஞ்சம் பருத்தி. அதை எரித்துப் பார்த்துவிட்டு "ஏமாத்திட்டான், இது கம்பளியே இல்லை" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

#3 கூட்டுமாறு

முறையைப் பேசுவதற்கு முன்னால் மணலை எடுங்கள். கம்பளத்தில் இருக்கிற அழுக்கில் பெரும்பகுதி ஒட்டாத உலர்ந்த தூசியும் மணலும்தான். அதோடு நனைத்தால் சேறு. சேறு எந்த மெஷினிலும் முழுசாக வராது.

செய்முறை: வழவழப்பான டைல் தரையைத் துடைத்துக் காய வைக்கவும். கம்பளத்தைக் குப்புறப் போடவும். சுழலும் பிரஷ் உள்ள வேக்குவத்தை முதுகுப் பக்கத்தில் மெதுவாக, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்டவும். அந்த அதிர்வில் முடிச்சடியில் சிக்கின மணல் கீழே கொட்டும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் டைலில் கோடு கோடாக மணல் கிடக்கும். கூட்டி அள்ளிவிட்டு மறுபடி குப்புறப் போடவும். மூன்றாவது தடவை டைல் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தால் போதும். பிறகு நிமிர்த்தி, பிரஷை நிறுத்திவிட்டு, உறிஞ்சல் மட்டும் வைத்துக் கம்பளத்தின் முகத்தை (மேல்பக்கத்தை) சுத்தம் செய்யவும்.

இது 'அ'வுக்கும் 'இ'க்கும். 'ஆ' மாதிரி பின்துணி ஒட்டினதுக்கு முதுகில் பிரஷ் ஓட்டக் கூடாது, கோந்து பொடிந்து வரும். குஞ்சத்தின் மேல் சுழல் பிரஷ் போகவே கூடாது. ஒரு சுற்றில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

#4 நைட்ஷிப்ட்

முறைகள்ல பேர்க் குழப்பம் நிறைய. "ஸ்டீம்" என்று இங்க எல்லாரும் சொல்றது ஆவி இல்ல. வெந்நீரை அழுத்தத்துல பாய்ச்சி, அதே குழாய் வாயால உடனே உறிஞ்சி எடுக்கிறது. வெந்நீர் உறிஞ்சல்னு வச்சுக்கலாம். அசல் ஆவி அடிக்கிற கைக்கருவி வேற, அது கம்பளத்துக்கு ஆகாது. ஈரத்தை உள்ள தள்ளும், திருப்பி எடுக்க வழியில்ல. சூட்டுல பால், முட்டை மாதிரி புரதக் கறை நிலைச்சுப் போகும்.

ஷாம்பு: நுரையைத் தேய்ச்சு, காயவிட்டு, வேக்குவம் போடுறது. அலசல் கிடையாது. சோப்பு உள்ளயே தங்கும். அந்தப் பிசுபிசுப்புல தூசி ஒட்டி ரெண்டு மாசத்துல முன்னைவிட அழுக்காத் தெரியும்.

படிக மருந்து முறை: பாலிமர் கலந்த திரவத்தைத் தெளிச்சு பிரஷ்ஷால தேய்ப்பாங்க. காய்ஞ்சதும் அது அழுக்கைச் சுத்திக்கிட்டு நொறுங்குற படிகமாயிடும், வேக்குவத்துல வந்துடும். தண்ணி ரொம்பக் கம்மி, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காயும்.

பொடி முறை ("டிரை கிளீன்"னு சொல்றது பெரும்பாலும் இதுதான்): ஈரப்பதமான உறிஞ்சு பொடியைத் தூவி, பிரஷ் போட்டு, வேக்குவத்துல எடுக்கிறது. காய வைக்கிற பிரச்சினையே இல்ல. மேலாப்புல உள்ள அழுக்கு மட்டும் போகும்.

துணி வட்டு மெஷின்: ஈரத் துணியைச் சுத்தி மேல தேய்க்கிறது. ஓட்டலுக்கு அவசரத்துக்கு ஆகும். வீட்டுக்கு வேணாம், இழை நுனி பிரிஞ்சு பஞ்சாயிடும்.

'இ'க்கு வெந்நீர் உறிஞ்சல்தான். வேற எதுலயும் அந்த எண்ணெய் வராது.

#5 ஊடும்பாவும்

நைட்ஷிப்ட் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் 'அ'வுக்கும் அதையே செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பளிக்கு மூன்று எதிரிகள்: சூடு, காரம் (சோடா, சுண்ணாம்பு மாதிரி புளிப்புக்கு எதிரானது), தேய்ப்பு. மூன்றும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் சடைபிடித்துக் கெட்டியாகிவிடும், அதைப் பிரிக்க முடியாது. கலவையின் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும் அளவு; 7 நடுநிலை) 5.5க்கும் 8க்கும் இடையில் இருக்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. கடையில் கிடைக்கும் பொதுவான கம்பள மருந்து பல காரப் பக்கம், பி.எச். 9க்கு மேல். குளோரின் பிளீச் கம்பளியையும் பட்டையும் வெளுப்பதோடு நிற்காது, கரைத்தே விடும்.

என்ஸைம் கலந்த துணி சோப்பும் வேண்டாம். புரதத்தை உடைக்கத்தான் அதில் என்ஸைம் சேர்க்கிறார்கள். கம்பளியும் புரதம்.

#6 மூன்றாம்மாடி

'அ' உண்மையிலேயே கைமுடிச்சா என்று முதலில் பார்த்துவிடலாமே. முதுகைப் புரட்டுங்க. முன்பக்கப் பூவேலை அப்படியே முதுகிலும் தெளிவாகத் தெரிந்தால், முடிச்சுகள் கொஞ்சம் கோணலாக, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருந்தால் கைமுடிச்சு. குஞ்சம் உள்ளே ஓடுகிற பாவு நூலின் (முடிச்சுகளைத் தாங்கும் நீளவாக்கு நூல்) தொடர்ச்சியாக இருக்கும். மெஷின் விரிப்பில் குஞ்சத்தைத் தனியாகத் தைத்து ஒட்டியிருப்பார்கள்.

கைமுடிச்சு என்றால் குஞ்சத்தை வெளுக்க பிளீச் தொடவே கூடாது. நீங்கள் வெளுக்கிறது அலங்காரத்தை இல்லை, கம்பளத்தின் எலும்பை.

#7 ஈசூன்வாசி

முதுகில் பூவேலை தெளிவாகத் தெரியுது, கைமுடிச்சுதான். 'ஆ' நூல் காகித வாடை அடித்தது. 'இ' இழை மிதக்குது. சாயம் போகுமா என்று எப்படிப் பார்ப்பது?

#8 ஊடும்பாவும்

அப்படியானால் 'ஆ' பட்டு இல்லை, விஸ்கோஸ். மூங்கில் பட்டு, கலைப்பட்டு என்று எந்தப் பெயரில் வந்தாலும் அநேகமாக அதுதான். அதைப் பற்றிப் பிறகு.

சாயச் சோதனை: வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். சிவப்பும் கருநீலமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அடுத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் கலவையிலேயே துணியை நனைத்து அதே சோதனை. வெறும் தண்ணீரில் அசையாத சாயம் சோப்பில் அசையலாம். துணியில் லேசாக நிறம் ஏறினாலும் வீட்டில் நனைக்காதீர்கள்.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கம்பளிச் சாயம் புளிப்பில் ஓரளவு அடங்கும், அதனால் அலசும் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பருத்திக்கு உப்பும் உதவாது, வினிகரும் உதவாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தில் சிவப்பு இறங்கினால் ஒரே வழி, அதைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, மடிக்காமல் விரித்து, வேகமாகக் காய வைப்பதுதான். ஈரத்தோடு மடித்து வாளியில் போட்டால் பச்சைக் கோட்டில் சிவப்பு ஏறிவிடும்.

#9 பொங்கோல்அக்கா

தம்பி, 'இ'ல இருக்கிற மஞ்சள் கறைக்கு பேக்கிங் சோடா கிட்ட போயிடாதீங்க. சோடா காரம். மஞ்சளுக்குக் காரம் பட்டா செக்கச்செவேல்னு சிவந்துடும். குங்குமம் செய்யற கதைதான், மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா சிவப்பு. ஏற்கெனவே சோடா போட்டுச் சிவந்துட்டா பயப்பட வேணாம், வினிகரும் தண்ணியும் ஒண்ணுக்கு ரெண்டு கலந்து துணியால ஒத்தினா திரும்ப மஞ்சளாகும். அதுக்கப்புறம்தான் கறையெடுக்கிற வேலை.

மஞ்சள் நிறம் தண்ணியில கரையாது, எண்ணெயிலயும் ஆல்கஹால்லயும் கரையும். அதனால வரிசை இப்படி: குழம்புக் கறை புதுசுன்னா கரண்டியால வெளியோரத்துலேர்ந்து நடுவுக்கு வழிச்சு எடுங்க. சோள மாவைத் தூவி இருபது நிமிஷம் விட்டா எண்ணெயை இழுக்கும், அதை வேக்குவம் பண்ணுங்க. அடுத்து ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணிக்குக் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவுற திரவம், நிறமில்லாதது. துணியை அதுல நனைச்சு ஒத்தி ஒத்தி எடுங்க, துணியை மாத்திக்கிட்டே இருங்க. எண்ணெய் போன பிறகு மிச்ச மஞ்சளுக்கு மருந்துக்கடையில கிடைக்கிற 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். துணியில ஊத்துங்க, கம்பளத்து மேல ஊத்தாதீங்க. உள்ள இறங்கினா பின்பக்க லேட்டெக்ஸை (ரப்பர் ஒட்டுப் பூச்சு) பதம் பார்க்கும்.

கடைசில தங்குற மங்கலான மஞ்சளுக்கு வெயில்தான். மஞ்சள் வெயில்ல வெளுத்துடும். ஜன்னல் ஓரமா ரெண்டு மூணு பிற்பகல் விட்டாப் போதும்.

#10 கூட்டுமாறு

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி: புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை அடங்கினதும் மிஞ்சுவது உப்புத்தண்ணீர். நுரை பொங்குவது அழுக்கு கிளம்புவதால் இல்லை.

உலர்ந்த சோடாவைத் தூவி வாடை எடுப்பதிலும் தொல்லை உண்டு. தூள் மிக நைசு, வேக்குவம் பாதிதான் எடுக்கும். மீதி நம்ம ஊர் ஈரத்தில் அடியில் கட்டிப்பிடிக்கும். வேக்குவத்தின் ஃபில்ட்டரும் அடைபடும்.

#11 நைட்ஷிப்ட்

'இ'க்கு வாடகை மெஷின் எடுத்து நீங்களே பண்ணலாம் ஈசூன்வாசி. வரிசை மாறக் கூடாது.

மணல் எடுத்தாச்சு. முன்மருந்தை ஸ்பிரே பாட்டில்ல தெளிங்க. பாலிபுரொப்பிலீனுக்குக் கார மருந்து தாங்கும், ஆனா மஞ்சள் இருக்கிற இடத்தை அக்கா சொன்ன மாதிரி முதல்லயே முடிச்சிடுங்க. பத்து நிமிஷம் ஊறட்டும். ஏர்கான் போட்ட ரூம்ல அதுக்குள்ள காய்ஞ்சுடும், அப்படின்னா மெல்லிசா இன்னொரு தடவை. மென்மையான பிரஷ்ஷால நாலு திசையிலயும் தள்ளுங்க.

டாங்க்ல சோப்பு வேணாம், வெறும் தண்ணி. 5 லிட்டருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர் போட்டா தங்கின காரம் அடங்கும். பிடியை அமுக்கித் தண்ணி விட்டபடி ஒரு இழுப்பு, விசையை விட்டுட்டு உறிஞ்சல் மட்டும் மூணு இழுப்பு. ஒரு அடிக்கு ரெண்டு மூணு நொடி, அவசரப்படாதீங்க. கண்ணாடி வாயில தண்ணி ஓடுறது நின்னாத்தான் அந்தப் பட்டை முடிஞ்சது. நிறைய பேர் தண்ணி விடுற இழுப்பை ரெண்டு தடவையும் உறிஞ்சுறதை ஒரு தடவையும் பண்றாங்க. நேர்மாறு.

கரண்டு: நம்ம 13 ஆம்பியர் பிளக்குல 230 வோல்ட்டுக்கு 2,990 வாட்தான் தாங்கும். ரெண்டு மோட்டாரும் ஹீட்டரும் உள்ள மெஷினுக்கு ரெண்டு வயர் இருக்கும். ரெண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில சொருகாதீங்க. ஒண்ணு ஹால், ஒண்ணு சமையலறை, வேற வேற சர்க்கியூட்டா பார்த்துச் சொருகுங்க.

#12 மூன்றாம்மாடி

மருந்து நல்லதா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று. போடப்போகும் அளவிலேயே கலந்து, ஒரு தேக்கரண்டியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஃபேனடியில் இரண்டு நாள் விடுங்க. காய்ந்ததை நகத்தால் சுரண்டுங்க. படிக மருந்து என்றால் கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கி உதிரணும். மெழுகு மாதிரியோ தேன் மாதிரியோ ஒட்டினால் கம்பளத்திலும் அப்படித்தான் இருக்கும். குளிரூட்டாத வீட்டில் வைத்தே சோதியுங்க. ஏர்கானில் நொறுங்குகிற சில மருந்து, வெளிக்காற்றில் ஈரத்தை இழுத்துப் பிசுக்காகிவிடும்.

#13 ஈசூன்வாசி

நன்றி. காய வைப்பதுதான் கவலை. துணி காயப்போடுகிற மூங்கில் கழியில் போட முடியாது. தாழ்வாரத்துச் சுவர்மேல் போடலாமா?

#14 ஊடும்பாவும்

கூடாது. 5க்கு 8 அடிக் கம்பளி காய்ந்த நிலையிலேயே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இரட்டிப்பைத் தாண்டும். சுவர் விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்தால் கீழே போகிறவர் தலை என்னாவது? சொட்டுகிற தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் விழும். தாழ்வாரத் தரையில் விரிப்பதும் சரியில்லை, 1.2 மீட்டர் வழி காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.

வீட்டுக்குள்ளேயே காய வைக்கலாம். ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுவது இங்கே பாதி வேலைதான் செய்யும். இரவில் வெளியிலிருந்து வருவதே 90 விழுக்காட்டு ஈரக்காற்று. அறையை மூடுங்கள். ஏர்கானை ஈரம் நீக்கும் நிலையில் 25 டிகிரியில் வையுங்கள், ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் அதுவே மேல். கம்பளத்தை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளிலோ துணி உலர்த்தும் இரண்டு ஸ்டாண்டுகளிலோ தரையிலிருந்து தூக்கிப் போடுங்கள். அடியிலும் காற்றுப் போகணும். ஃபேன் மேலேயிருந்து அடிக்கக் கூடாது. தரைமட்டத்தில், கம்பளத்தின் முகத்தை உரசிக்கொண்டு கிடைமட்டமாக அடிக்கட்டும். அறையில் ஒரு ஈரமானி வைத்து, 55க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

பாலிபுரொப்பிலீன் ஆறு எட்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இழை தண்ணீரைக் குடிக்காது. கம்பளி அப்படியில்லை. தன் எடையில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்குக் காய்ந்த மாதிரியே இருக்கும். அதனால்தான் 'அ'வை வீட்டில் முழுக்க நனைக்க வேண்டாம் என்கிறேன். மணலை எடுத்து, கறையுள்ள இடத்தை மட்டும் ஒத்தி எடுத்து, பிழிந்த துணியால் இழை சாயும் திசையில் முகத்தைத் துடைத்தால் தீபாவளிக்குப் போதும். முழுக்கழுவல் வேண்டுமென்றால் தொட்டியில் அலசி, சுழற்சியில் பிழிந்து, ஈரம் நீக்கிய அறையில் காய வைக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். அரபு ஸ்திரீட் பக்கத்துக் கம்பளக் கடைகளில் கேட்டால் வழிகாட்டுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி "எப்படிக் கழுவுவீங்க" இல்லை, "எங்கே காய வைப்பீங்க".

#15 நைட்ஷிப்ட்

ஊடும்பாவும் அண்ணே, 'அ' வீட்டுல வேணாம்கிறது சரி. ஆனா "கம்பளிக்கு வெந்நீர் உறிஞ்சல் ஆகாது"னு ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. ஓட்டல் தாழ்வாரத்துல சுவருக்குச் சுவர் போட்டது எத்தனையோ கம்பளிதான், அதைக் கழட்டித் தொட்டியில போட முடியாது. வெதுவெதுப்பான தண்ணி, கம்பளிக்கான மருந்து, பிரஷ்ஷைக் குறைச்சு, உறிஞ்சலைக் கூட்டி, தாராளமாப் பண்ணலாம். முறை தப்பில்ல, கை தப்பு.

#16 ஊடும்பாவும்

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது தரையில் ஒட்டாமல் விரித்துப் போடும் கைமுடிச்சுக் கம்பளத்துக்கு மட்டும். சுவருக்குச் சுவர் போட்டதில் சணல் பின்புறம் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகம் நனைந்து மெதுவாகக் காய்ந்தால் சணலின் பழுப்பு தண்ணீரோடு இழை நுனிக்கு ஏறி, தேநீர் சிந்தினது போலத் திட்டுத் திட்டாக நிற்கும். "கழுவினதும் கறை வந்துடுச்சு" என்பது பல நேரம் இதுதான். நீர்த்த சிட்ரிக் அமிலமோ வினிகரோ மெல்லத் தெளித்து, வேகமாகக் காய வைத்தால் பெரும்பாலும் போய்விடும். திரும்ப நனைத்துத் தேய்த்தால் கூடும்.

#17 மூன்றாம்மாடி

அலுவலகத்தில் இதே கோளாறு வேறு மாதிரி வரும். சதுரச் சதுரமாகப் போட்ட நைலான் கார்பெட்டை மாலை ஏழு மணிக்கு மேல் கழுவுவார்கள். அதற்குள் கட்டடத்தில் ஏர்கானை நிறுத்தியிருப்பார்கள். காலையில் கதவைத் திறந்தால் ஈர நாய் வாடை. படிக மருந்து முறைக்கு மாறணும், அல்லது கட்டட நிர்வாகத்திடம் கூடுதல் நேர ஏர்கானுக்குக் கட்டணம் கட்டி வாங்கிவிட்டு வெந்நீர் உறிஞ்சல் வைக்கணும். அந்தக் கட்டணத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்தால் வாடைக்கு இன்னொரு முறை கழுவ வேண்டிவரும்.

#18 ஈசூன்வாசி

'ஆ' பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? அதில் காப்பி சிந்தின ஒரு வட்டம் இருக்கு.

#19 ஊடும்பாவும்

சொல்லத் தயங்கியதால்தான். விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து செய்த இழை. நனைந்தால் அதன் வலு பாதியாகிவிடும், தேய்த்தால் இழை உடையும். நல்ல தண்ணீர் பட்டாலே காய்ந்ததும் அந்த இடம் மஞ்சளாகி, விறைத்து, பளபளப்புப் போய்விடும். அதற்குமேல் உங்களுடையதில் பின்துணியை லேட்டெக்ஸில் ஒட்டியிருக்கிறார்கள். நனைந்தால் ஒட்டு விட்டு உப்பும். ஆகவே வெந்நீர் உறிஞ்சலும் ஷாம்புவும் கூடாது. உறிஞ்சல் மட்டும் உள்ள வேக்குவம், அதோடு பொடி முறை. அதுவும் ஒரு மூலையில் சோதித்த பிறகு.

காப்பி வட்டத்துக்கு: வெள்ளைத் துணியில் ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், நன்றாகப் பிழிந்து, ஒரே இடத்தில் பத்து நொடிக்கு மேல் வைக்காமல் ஒத்துங்கள். உலர்ந்த துணியால் உடனே ஒத்தி, முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் இழையை ஒரே திசையில் நிமிர்த்திக்கொண்டே காய வையுங்கள். நிமிர்த்தாமல் விட்டால் அங்கே ஒரு குழி தெரியும். வட்டம் மங்கும், முழுசாகப் போகாது. இந்த ஊரில் பால் ஊற்றின காப்பி வேறு, பாலுக்கும் சீனிக்கும் சோப்பு வேண்டும், சோப்பை அலசத் தண்ணீர் வேண்டும், தண்ணீர்தான் இதற்கு ஆகாது. அதைத் தொழில்முறையாளர் கையில் கொடுத்தாலும் உத்தரவாதம் எழுதித் தர மாட்டார். தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

புரட்டும்போது மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டுகிறதா?

#20 ஈசூன்வாசி

கொஞ்சம் கொட்டுது. மாவு மாதிரிதான்.

#21 கூட்டுமாறு

லேட்டெக்ஸில் கலந்த நிரப்பி உதிருது. ஒட்டு கிழடாகிவிட்டது. கழுவச் செலவு செய்யாதீங்க, இருக்கிற வரை போட்டுக்கொள்ளலாம்.

#22 பொங்கோல்அக்கா

வீட்டுல கைக்குழந்தைக்குத் தும்மல். தூசிப்பூச்சிக்காக "60 டிகிரி தண்ணியில செய்யறோம், எல்லாம் செத்துடும்"னு விளம்பரம் பார்க்கிறேன். நம்பலாமா?

அப்புறம் கம்பளிக்கு அந்துப்பூச்சி வராம இருக்க என்ன போடறது?

#23 மூன்றாம்மாடி

தூசிப்பூச்சி 55 டிகிரிக்கு மேல் சாகும் என்பது மெய். ஆனால் டாங்கில் இருக்கிற சூடு இழையடியில் இருக்காது, குழாயிலும் காற்றிலும் குறைந்து, குளிர்ந்த கம்பளத்தில் பட்டதும் இன்னும் இறங்கிவிடும். கம்பளிக்கு அவ்வளவு சூடு வைக்கவும் முடியாது. சரியாகக் காயாவிட்டால் அந்த ஈரம் பூச்சிக்குத்தான் விருந்து, அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உடம்பால் இழுக்கிறது. அறை ஈரப்பதம் 50க்குக் கீழே நின்றால் வற்றிச் சாகும். வாரம் இருமுறை ஹெப்பா ஃபில்ட்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வடிகட்டி) உள்ள வேக்குவம், படுக்கை விரிப்பை 60 டிகிரியில் துவைப்பது. குழந்தை அறையில் கம்பளத்தையே எடுத்துவிடுவது இதையெல்லாம்விட எளிது அக்கா.

அந்துக்குப் பாச்சை உருண்டை வேண்டாம். நாஃப்தலின். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்ஸைம்) குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களை உடைக்கும். 1965லிருந்து இங்கே பிறக்கிற குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடப்பதற்குக் காரணமே இந்த மாதிரி ஆபத்துதான். அந்துப் புழு இருட்டில், அசையாத இடத்தில், சோபாவுக்கு அடியில் போகிற ஓரத்தைத்தான் தின்னும். மாதம் ஒருமுறை அந்த ஓரத்தை இரு பக்கமும் வேக்குவம் செய்தால் முட்டை தங்காது.

#24 நைட்ஷிப்ட்

சுருட்டி வைக்கிறவங்க பாம் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ள இருக்கிற கான்கிரீட் பதுங்கு அறை) வச்சா காத்தோட்டம் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும். பிளாஸ்டிக்ல சுத்தாதீங்க, பழைய பருத்தி வேட்டி போதும். மடிக்காம உருட்டுங்க. பக்கத்துல ஈரம் உறிஞ்சுற டப்பா வைக்கிறீங்கன்னா தட்டு போட்டுத் தள்ளி வைங்க. அதுல சேர்ற தண்ணி வெறும் தண்ணி இல்ல, கால்சியம் குளோரைடு கரைசல். கம்பளத்துல கொட்டினா காயவே காயாது, காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிட்டு மாசக்கணக்கா ஈரமாவே இருக்கும். தண்ணி விட்டு அலசி உறிஞ்சி எடுத்தாத்தான் போகும்.

#25 ஈசூன்வாசி

கடைசியா ஒன்று. 'இ' முழுக்கக் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைக்குக் காய்ந்த மாதிரித் தெரிந்தால் மேசையைத் திரும்பப் போடலாமா?

#26 ஊடும்பாவும்

கையை நம்ப வேண்டாம். ஏர்கானில் காய்ந்தது எல்லாமே குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஈரத்துக்கும் குளிருக்கும் விரல் வித்தியாசம் சொல்லாது. ஏர்கானையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஒரு அடி சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை, விரிப்பின் நடுவில், முதுகுப் பக்கத்தில் விரித்து நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் பனி பூத்த மாதிரி மங்கியிருந்தால் இன்னும் ஒரு இரவு ஃபேன் காற்றில் கிடக்கட்டும். தெளிவாக இருந்தால் மேசையைப் போடலாம். மேசைக் கால் இரும்பு என்றால் அடியில் பிளாஸ்டிக் வில்லை வையுங்கள், இல்லாவிட்டால் துரு இறங்கும்.